தண்ணீருக்குள் கேமரா திரையை எந்த அளவுக்கு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கடல் இல்லை. ஆனாலும் தண்ணீருக்குள் படம் எடுக்கிறவர்கள் இங்கே கூடிக்கொண்டே வருகிறார்கள். நீச்சல் குளத்தில் கல்யாண ஜோடிகளை எடுப்பவர்கள் ஒரு பக்கம். அலங்காநல்லூர், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத் தோட்டக் கிணறுகளில் பையன்கள் குதிப்பதை எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். லீவுக்கு ராமேஸ்வரம் போய் மீனும் பவளமும் எடுத்து வருபவர்களும் உண்டு. மூன்று கூட்டத்தாருக்கும் மனக்குறை ஒன்றுதான்: திரையில் பார்த்தது வேறு, வீட்டுக்கு வந்து பார்த்தால் கிடைத்திருப்பது வேறு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. திரையில பளிச்சுனு தெரிஞ்ச படம், கம்ப்யூட்டர்ல பாத்தா இருட்டா இருக்கே. கேமரா கோளாறா?

கேமராவில் கோளாறு இல்லை. சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் தன்னை மாற்றிக்கொள்கிறது. கிணற்றுக்குள்ளோ சாயங்காலக் குளத்திலோ நிற்கும்போது கண்மணி விரிந்திருக்கும். அந்த இருட்டில் உங்கள் கண் முன்னால் இருப்பதிலேயே வெளிச்சமான பொருள் கேமராவின் திரைதான். அதனால் ஒரு ஸ்டாப் அண்டரான, அதாவது வெளிச்சம் பாதியாகக் குறைந்த படம்கூடச் சரியாகத் தெரியும், சில நேரம் கொஞ்சம் ஓவர், அதாவது வெளிச்சம் கூடுதல் என்றுகூடத் தோன்றும். நீங்கள் இன்னும் குறைப்பீர்கள், வீட்டில் இருட்டு.

உச்சி வெயிலில் குளத்தில் மேல்மட்டத்திலேயே எடுத்தால் கதை தலைகீழ். கண்மணி சுருங்கியிருக்கும், திரை மங்கலாகத் தெரியும். படம் இருட்டு என்று நினைத்து எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) ஏற்றுவீர்கள். வீட்டில் பார்த்தால் நெற்றியும் வெள்ளை டைல்ஸும் பர்ன் ஆகி, விவரமே இல்லாமல் வெளுத்திருக்கும். ஒரே திரை, ஒரே பிரைட்னஸ், இரண்டு விதமான பொய். அதனால் ஃபிரேமிங்கைத் திரையில் பாருங்கள். எக்ஸ்போஷருக்குத் திரையின் வெளிச்சத்தை நம்பாமல், வெளிச்சக் கணக்கைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் (3ஆம் பதில்) மின்னும் எச்சரிக்கையையும் (4ஆம் பதில்) நம்புங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதை ஒட்டியவையே.

2. அப்போ திரையோட பிரைட்னஸ எவ்வளவு வைக்கணும்?

முதல் வேலையாக 'ஆட்டோ பிரைட்னஸ்' இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஹவுசிங்குக்குள் (கேமராவை மூடும், தண்ணீர் புகாத பெட்டி) போனதும் வெளிச்சம் அறியும் சென்சார் மறைந்துவிடும், திரை தன் இஷ்டத்துக்கு மங்கும். பிறகு ஒரு நிலையான அளவு வையுங்கள். வெயில் நேரத்துக் குளத்துக்கு அதிகபட்சமோ அதற்கு ஒரு படி கீழோ சரியாக வரும். கிணறு, இரவுக் குளம், ஆழமான கடல் என்றால் நடு அளவோ அதற்கு ஒரு படி கீழோ போதும்.

உங்கள் கேமராவுக்கு எது சரி என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஒரு வெள்ளைத் துண்டையும் ஒரு கறுப்பு ரப்பர் செருப்பையும் போடுங்கள். ஒரே இடத்திலிருந்து மூன்று படம் எடுங்கள்: ஒரு ஸ்டாப் குறைத்து, சரியாக, ஒரு ஸ்டாப் கூட்டி. எது சரி என்பதை நல்ல கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்யுங்கள். அதே மூன்று படங்களைக் கேமரா திரையில் வெயிலில் நின்று ஒரு தடவை, கதவைச் சாத்திய அறையில் ஒரு தடவை பாருங்கள். அறையில் பார்க்கும்போது ஒரு ஸ்டாப் குறைந்த படம் சரியானதாகத் தெரிந்தால் பிரைட்னஸ் கூடுதல் என்று அர்த்தம். ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

3. ஹிஸ்டோகிராம்ல மலை மாதிரி ஏதோ தெரியுது. அத எப்படிப் படிக்கிறது?

இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை. எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை மேட்டின் உயரம் காட்டுகிறது. மலை நடுவில் இருந்தால் நல்ல படம் என்று தரையில் சொல்லிக்கொடுப்பார்கள். தண்ணீருக்குள் அந்தக் கணக்கு உதவாது. பாசி படிந்த கிணற்றுச் சுவர் பின்னணி என்றால் மலை இடது பக்கம் குவிந்திருப்பதே இயல்பு. அதை நடுவுக்குத் தள்ளினால் சுவர் சாம்பலாகிவிடும், முகம் பர்ன் ஆகிவிடும். வெள்ளை டைல்ஸ் குளத்தில் மலை வலது பாதியில் நிற்பதுதான் சரி.

இரண்டே இடங்களைப் பாருங்கள். வலது சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பகுதியில் விவரம் போய்விட்டது, திரும்பக் கிடைக்காது. வலது பக்கம் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறதா? அப்படியென்றால், காட்சியில் வெள்ளைப் பொருள் ஏதாவது இருக்கும் பட்சத்தில் படம் அண்டர்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கடலில் முதலில் நீலமும் கிணற்றில் பச்சையும் வலது சுவரைத் தொடும். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் இதை மறைத்துவிடக்கூடும். சிவப்பு மட்டும் இடது மூலையில் ஒதுங்கிக் கிடந்தால் எக்ஸ்போஷர் தவறு என்று பதற வேண்டாம். சிவப்பைத் தண்ணீர் தின்றுவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மருந்து 8ஆம் கேள்வியில்.

4. எடுத்து முடிச்சதும் படத்துல கறுப்பும் வெள்ளையுமா மின்னுதே, அது என்ன?

பர்ன் ஆன இடங்களைக் காட்டும் எச்சரிக்கை. மெனுவில் 'ஹைலைட்' என்ற பெயரில் இருக்கும். கட்டாயம் ஆன் செய்து வையுங்கள். கண் எப்படி மாறியிருந்தாலும் இது மாறாது. சூரியன், மேலே போகும் காற்றுக் குமிழி, மூக்குத்தியின் பளபளப்பு ஆகியவை மின்னினால் விட்டுவிடலாம். நெற்றி, கன்னம், மீனின் வயிறு, துணி மின்னினால் விடக்கூடாது. மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஹிஸ்டோகிராமும் இந்த மின்னலும் கேமரா உள்ளுக்குள் உருவாக்கும் ஜேபெக் படத்தை வைத்துச் சொல்லப்படுபவை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அதற்கு மேலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். 'விவிட்' போன்ற அழுத்தமான ஸ்டைல் வைத்திருந்தால் மின்னல் சீக்கிரமே வரும். 'நியூட்ரல்' வைத்துக்கொண்டால் திரை சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கும்.

5. ஃபோன பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுக்கலாமா? கோப்ரோ வச்சிருக்கேன், அதுல இதெல்லாம் வருமா?

தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. தண்ணீரையே விரல் என்று எடுத்துக்கொள்ளும். ஃபோனில் வால்யூம் பட்டனை ஷட்டராக வையுங்கள். உள்ளே இறங்குமுன் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். கோப்ரோவில் கேமராவே எல்லாவற்றையும் முடிவு செய்வதால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா முடிவு செய்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அளவு) மைனஸ் 0.5 என்று வைத்தால் வெயிலில் பர்ன் குறையும். ஒலிம்பஸ் டிஜி-5, டிஜி-6 (இப்போது ஓஎம் சிஸ்டம் டிஜி-7) கேமராக்கள் ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும். அவற்றில் 'இன்ஃபோ' பட்டனை அழுத்தினால் ஹிஸ்டோகிராம் வரும், ரா கோப்பும் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது அதைத்தான்.

6. ஃபிரேம் பாத்துதான் எடுத்தேன். ஆனா காலு ஓரத்துல வெட்டுப்பட்டிருக்கு.

லென்ஸ் பார்ப்பதைத்தான் திரை காட்டுகிறது, சந்தேகமில்லை. ஆனால் திரையின் நான்கு ஓரமும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது வேறு விஷயம். ஹவுசிங்கின் பின்பக்கக் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தாலே கண்ணாடியின் சட்டம் திரையின் ஒரு ஓரத்தை மறைத்துவிடும். ஷட்டரை அழுத்துமுன் நான்கு மூலையிலும் கண்ணை ஓட்டுங்கள். மூலையில் இருக்கும் பேட்டரி சின்னம், எண்ணிக்கை போன்ற எழுத்துகளை அணைத்துவிட்டு 'கிரிட்' கோடுகளை மட்டும் வையுங்கள். ஆளோ துணியோ ஃபிரேமில் அசைந்துகொண்டிருக்கும் என்பதால் சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் போர்ட், அதாவது ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி. தட்டையான கண்ணாடி போர்ட் வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் காட்சி சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். 24 எம்எம் லென்ஸ் 32 எம்எம் போல நடந்துகொள்ளும். கரையில் நின்று "இவ்வளவு தூரத்தில் முழு ஆளும் அடங்கும்" என்று போட்ட கணக்கு உள்ளே பொய்க்கும். பின்னால் போய் அடக்கலாம்தான், ஆனால் இடையில் தண்ணீர் கூடும், படம் மங்கும். அகலமான லென்ஸும் அரைக்கோள வடிவ டோம் போர்ட்டும் வைத்துக்கொண்டு 1 மீட்டருக்குள் நெருங்குவதே நல்ல வழி.

7. ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்துல எடுத்தா முகம் கறுக்குது, கிணத்துல எடுத்தா முகம் வெளுக்குது. ஆட்டோலதான் வச்சிருக்கேன்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். குளத்தில் ஃபிரேம் நிறைய வெளிர் டைல்ஸ். அதைச் சாம்பலாக்கக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகமும் சேர்ந்து கறுக்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் 0.7 முதல் பிளஸ் 1 வரை கூட்டுங்கள். கிணற்றில் சுற்றிலும் கருங்கல்லும் பாசியும். கேமரா அதைத் தூக்கிக் காட்டப் பார்க்கிறது, முகம் வெளுக்கிறது. மைனஸ் 0.7 வையுங்கள்.

இதைவிட நல்லது மேனுவல் மோட். வெயில் நேரத்துக் குளத்தில், 1 மீட்டர் ஆழத்தில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/250 என்று ஆரம்பியுங்கள். நிழல் விழுந்த கிணற்றில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/125. இவை தொடங்குவதற்கான அளவுகள் மட்டுமே. ஒரு படம் எடுத்து 3ஆம், 4ஆம் பதில்களில் சொன்னபடி பார்த்துத் திருத்துங்கள். பொதுக் குளங்களில் கேமரா கொண்டுபோக முன்அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் குளிக்கும் நேரத்தைத் தவிர்ப்பது மரியாதை.

8. பொண்ணுக்கு அரக்குச் சிவப்புல சுங்குடிச் சேலை. திரையில பழுப்பா தெரியுது. எக்ஸ்போஷர கூட்டுனா சிவப்பு வருமா?

வராது. வெளுத்த பழுப்புதான் வரும். சிவப்பொளியைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடும். இதில் ஆழத்தை மட்டும் பார்க்கக் கூடாது. மேல்மட்டத்திலிருந்து சேலை வரை 1.5 மீட்டர், சேலையிலிருந்து லென்ஸ் வரை 2.5 மீட்டர் என்றால் வெளிச்சம் தண்ணீருக்குள் கடந்த தூரம் 4 மீட்டர். குளத்திலேயே சிவப்பு மங்க அது போதும். நெருங்குங்கள், பிளாஷ் கொடுங்கள். பிளாஷ் இல்லையென்றால் அதே ஆழத்தில் ஒரு வெள்ளைத் துண்டைக் காட்டி மேனுவல் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) வையுங்கள். ஆழம் மாறினால் மறுபடியும் வைக்க வேண்டும். சிவப்பு ஃபில்டர் நீலக் கடலுக்கு உதவும், ஆனால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும். பச்சைக் கிணற்றுக்கு மெஜந்தா ஃபில்டர். பிளாஷோடு இரண்டும் வேண்டாம்.

சுங்குடியில் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளைப் புள்ளிகள். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிக்கு நடுவில் லேசான நிழலும் ஓரத்தில் சாயக் கசிவும் இருக்கும், அழகே அதுதான். பிளாஷ் கொஞ்சம் கூடினாலும் புள்ளிகள் மின்ன ஆரம்பித்து வெறும் ஓட்டைகள் மாதிரி ஆகிவிடும். முகத்தைப் பார்க்குமுன் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நனைந்த பருத்திச் சேலை கனக்கும், காலைச் சுற்றும். நீந்தத் தெரிந்தவருக்கு மட்டும் கட்டிவிடுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் இன்னொருவர் நிற்கட்டும்.

9. பிளாஷ் மாட்டுனதும் திரை கும்மிருட்டா ஆயிடுது. எப்படி ஃபிரேம் பண்றது?

மிரர்லெஸ் கேமராக்கள் நீங்கள் வைத்த ஷட்டர், அப்பர்ச்சர் அளவில் படம் எப்படி வரும் என்பதைத் திரையில் முன்கூட்டியே காட்டும். பிளாஷுக்காக எஃப் 11, 1/200 என்று வைத்தால் பிளாஷ் இல்லாத காட்சி இருட்டுதான், திரையும் அதைத்தான் காட்டுகிறது. அந்த முன்னோட்டத்தை நிறுத்துங்கள். சோனியில் 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்', கேனானில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்' ஆஃப், பானசோனிக்கில் 'கான்ஸ்டன்ட் பிரிவியூ' ஆஃப், ஒலிம்பஸில் 'லைவ் வியூ பூஸ்ட்' ஆன். பிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். ஒரு பட்டனில் இதை வைத்துக்கொள்வது உத்தமம்.

எடுப்பதற்கு முன் தெரியும் ஹிஸ்டோகிராமில் பிளாஷ் வெளிச்சம் சேராது. பிளாஷ் போட்டால் எடுத்த பிறகு வரும் ஹிஸ்டோகிராம் மட்டுமே கணக்கு. பின்னணித் தண்ணீரின் நிறத்தை ஷட்டர் தீர்மானிக்கும், முன்னால் இருக்கும் ஆளைப் பிளாஷின் பவர் தீர்மானிக்கும். ஷட்டரை 1/250க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் கறுப்புப் பட்டை விழும்.

10. திரையில ஷார்ப்பா இருக்கு. பெருசாக்குனா ஆட்டம்.

3 அங்குலத் திரையில் எல்லாப் படமும் ஷார்ப்பாகத்தான் தெரியும். ஒரே அழுத்தலில் 100 சதவீதம் பெரிதாகிற மாதிரி ஒரு பட்டனை ஒதுக்கி, கண்ணிமையைப் பாருங்கள். அதே நேரத்தில் இருண்ட பின்னணிப் பகுதிக்கும் நகர்த்திப் பாருங்கள்; பிளாஷ் பட்டுப் பனி பெய்த மாதிரி தூசிப் புள்ளிகள் தெரிந்தால் பிளாஷை லென்ஸை விட்டு இன்னும் அகலமாக, கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் திரையே மங்கலாகத் தெரியலாம். கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் உள்ள தண்ணீர் திரையை அருகில் வந்ததுபோல் காட்டும். வெள்ளெழுத்து உள்ள கண்ணுக்கு அது இன்னும் சிரமம். மாஸ்க்கின் உள்பக்கம் கீழே ஒட்டிக்கொள்ளும் பிளஸ் 2 சிறு லென்ஸ் கிடைக்கிறது.

11. படம் முழுக்க புகை மூட்டம் மாதிரி இருக்கு. இது ஓவரா, கலங்கலா, லென்ஸ் வேர்த்துருக்கா?

மூன்றையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. முன்னால் உங்கள் கையை 30 சென்டிமீட்டரில் வைத்து ஒரு படம் எடுங்கள். கை தெளிவாகவும் பின்னணி மட்டும் மங்கலாகவும் இருந்தால் தண்ணீர் கலங்கல். நெருங்கி எடுப்பதைத் தவிர வழியில்லை. கையும் மங்கல், அதுவும் நடுவில் வட்டமாக மங்கல் என்றால் போர்ட்டின் உள்பக்கம் வேர்த்திருக்கிறது. ஹிஸ்டோகிராம் வலது சுவரில் ஒட்டியிருந்தால்தான் ஓவர்.

கேமரா சூடாகும், தண்ணீர் குளிர்ச்சி, அடைத்த காற்றில் ஈரம், வேர்ப்பது இதனால்தான். ஏசி ஓடும் அறையின் வறண்ட காற்றில் வைத்து ஹவுசிங்கை மூடுங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கிணற்று மேட்டில், ஈரக் கையோடு மூடாதீர்கள்.

12. ராமேஸ்வரம் எப்ப போனா தண்ணி தெளிவா இருக்கும்?

காற்றைப் பொறுத்தது. கச்சான் அடிக்கும் தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கலங்கும், பாக் விரிகுடாப் பக்கமான வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் இது மாறும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்கள் நல்லவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. படகில் உட்கார்ந்து படங்களைப் பார்க்கும்போது போலரைஸ்டு கூலிங்கிளாஸைக் கழற்றிவிடுங்கள். அதன் வழியே திரை கறுத்துத் தெரிந்து, நல்ல படத்தை அழித்துவிடுவீர்கள்.

13. கிணத்துக்குள்ள இருந்து மேல பாத்து, வட்டமா வானம் தெரியிற மாதிரி எடுக்கணும். திரையில ஒண்ணுமே புரியல.

கேள்விகளிலேயே கடினமானதும் அழகானதும் இதுதான். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால், வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் அடிப்பரப்பு கண்ணாடி போலக் கிணற்றின் உட்புறத்தையே காட்டும். 2 மீட்டர் ஆழத்திலிருந்து பார்த்தால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 4.5 மீட்டர். முழு வட்டமும் ஃபிரேமில் அடங்க, மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸும் டோம் போர்ட்டும் வேண்டும். தட்டை போர்ட்டில் ஒரு பகுதிதான் கிடைக்கும். யாராவது குதித்திருந்தால் அலை அடங்கும்வரை பொறுங்கள். அலை இருந்தால் வட்டத்தின் விளிம்பு கிழியும்.

திரை புரியாததற்குக் காரணம், கேமராவைச் சுற்றி வானத்தின் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுவது. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வகைப் பொய் இது. திரையைச் சுற்றிக் கறுப்பு ஹூட் மாட்டுங்கள், அதுவும் இல்லையென்றால் ஃபிரேமை மட்டும் பார்த்துவிட்டு எண்களை நம்புங்கள். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/250இல் ஒரு படம். சூரியனின் தட்டு மட்டும் மின்னினால் சரி. சுற்றுச்சுவரில் நிற்பவர்களோ தென்னை ஓலையோ மின்னினால் 1/500. கிணற்றுச் சுவர் கறுத்துப் போகும், போகட்டும். குதிக்கிற பையனின் முகம் வேண்டுமென்றால் பிளாஷ். அப்போது ஷட்டரை ஏற்ற முடியாது என்பதால் (9ஆம் பதில்) எஃப் 11 அல்லது 13 வைத்துப் பிளாஷின் பவரைக் கூட்டுங்கள்.

நேரமும் முக்கியம். மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு தடவை: ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் கடிகாரத்தில் உச்சி 12 மணிக்கு அல்ல, 12:17 வாக்கில். அதற்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் ஒளிக்கற்றை அடிவரை இறங்கும்.

இறங்குமுன் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, பியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கயிற்றோடு ஒருவர் இருக்க வேண்டும். பாழுங்கிணற்றில் விஷவாயு இருக்கும், கல்குவாரிப் பள்ளத்தில் ஏறிவரப் பிடிமானம் இருக்காது, இரண்டும் வேண்டாம். மூச்சடக்கி எடுப்பவர்கள் ஹிஸ்டோகிராமைத் தண்ணீருக்குள் ஆராயக் கூடாது. எடுங்கள், மேலே வாருங்கள், மூச்சு சீரானதும் பாருங்கள்.

14. ஹிஸ்டோகிராமும் சரி, மின்னவும் இல்ல. ஆனாலும் முகம் மட்டும் கறுப்பு. எதத்தான் நம்புறது?

ஹிஸ்டோகிராம் மொத்த ஃபிரேமுக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்கிறது. முகம் ஃபிரேமில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த மேட்டில் அது எங்கே நிற்கிறது என்று தெரியவே தெரியாது. நிக்கான் கேமராக்கள் பலவற்றில் படத்தைப் பெரிதாக்கினால் திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் ஹிஸ்டோகிராம் வரும். முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் ஸ்பாட் மீட்டரை (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) முகத்தில் வையுங்கள். மாநிறத்துக்கு மீட்டர் சொல்வதிலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தும், நல்ல கறுப்புக்கு ஒரு ஸ்டாப் வரை குறைத்தும் எடுத்தால் நிறம் நிறமாகவே வரும். கறுத்த முகத்தை வெளுக்க வைப்பது எக்ஸ்போஷர் சரிசெய்வது ஆகாது.

15. வீடியோவுக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும். மின்னல் எச்சரிக்கைக்குப் பதிலாக, பர்ன் ஆகும் இடத்தில் வரி வரியாகத் தெரியும் 'ஜீப்ரா' கோடுகளை 95 அல்லது 100இல் வையுங்கள். லாக் முறையில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறப் பதிவது) எடுத்தால் திரை வெளிறித் தெரியும், எல்லாம் ஓவர் என்று தோன்றும். 'டிஸ்பிளே அசிஸ்ட்' வசதியை ஆன் செய்யுங்கள். இரவுக் குளத்தில் விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிபவை என்பதால் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் படத்தில் பட்டை ஓடும். அந்தப் பட்டை இந்தச் சின்னத் திரையில் சரியாகத் தெரியாது என்பதால் பத்து விநாடி எடுத்து, கரையேறி, லேப்டாப்பில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.